முனை ஒடித்த முள்

அக்டோபர் 9

பெங்களூர்க் கடைக்காரரிடம் அடுத்த சித்திரை வரைக்கும் தூண்டில் பூச்சி கட்டித் தர முடியாது என்று போனில் சொல்லிவிட்டேன். உடம்புக்கு என்ன என்று கேட்டார். என் மனைவி வசந்தாமணிக்கு மூன்று மாதம் தாண்டிவிட்டது என்று தொண்டைவரை வந்தது, விழுங்கிவிட்டேன். முந்தைய இரண்டு தடவையும் ஊரெல்லாம் சொல்லிவிட்டு, அப்புறம் ஊருக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

அத்தை நேற்றுக் காரமடையிலிருந்து மலையேறி வந்து சட்டம் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

"மாப்ளே, கொழந்தை பொறக்கற வரைக்கும் நீங்க முடி வெட்டப்படாது, செரைக்கப்படாது. பொணம் தூக்கப்படாது. ஒரு உசுரைக் கொல்லப்படாது. ரெண்டு தடவ நான் வாயத் தொறக்கல. இந்தத் தடவ சொல்லிப்போட்டேன்."

இரண்டு தடவை என்று அவர் எதைச் சொல்கிறார் என்று தெரியும். முதல் கரு கலைந்த அன்று நான் தூண்டிலோடு ஆற்றில் இருந்தேன். இரண்டாவது கலைந்த அன்றும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை என்றால் நான் ஆற்றில்தான் இருப்பேன், வேறெங்கே இருப்பேன்? ஏன் கலைந்தது என்று டாக்டருக்கே தெரியவில்லை. இதையெல்லாம் மாமியாரிடம் பேச முடியுமா? தலையை ஆட்டி வைத்தேன்.

போகும் முன் என் மேசையைப் பார்த்து, "இந்த மயிலெறகும் சேவக்கோழி மசுரும் எதுக்குங்க? மந்திரிக்கறதுக்கா?" என்றார். தூண்டில் முள்ளில் இறகையும் நூலையும் முயல் முடியையும் சுற்றி ஈசல் மாதிரி, எறும்பு மாதிரி, கம்பளிப்பூச்சி மாதிரி செய்வது, தண்ணீரில் விட்டால் நிஜம் என்று நம்பி மீன் கவ்வும் என்று விளக்கினேன்.

"அது பசிக்குன்னு வாயத் தொறக்குது. நீங்க முள்ளக் குடுக்கறீங்க," என்றார்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனாலும் இந்தத் தடவையும் தவறினால் வசந்தி தாங்கமாட்டாள். போன முறை ஒரு மாதம் யாரோடும் பேசாமல் கிடந்தாள். அதற்காகத் தாடி வளர்ப்பது பெரிய காரியமா என்ன.

அக்டோபர் 13

நான் பிடிக்காவிட்டால் போதும் என்றுதான் நினைத்திருந்தேன். கடைக்காரருக்கு ஏன் முடியாது என்றேன் என்றால், அது அத்தை வந்துபோன அன்று ராத்திரி வசந்தி கேட்ட கேள்வியால்.

"ஏனுங்க, நீங்க கட்டுன பூச்சியில வேற எவனோ மீன் புடிச்சான்னா, அந்தப் பாவம் யாருக்குங்க சேரும்?"

"அவனுக்கு."

"கட்டுனது நீங்கதான?"

"சரி, எனக்குப் பாதி."

"பாதி கூட வேண்டாங்க," என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கை மட்டும் வயிற்றின் மேல் இருந்தது.

அக்டோபர் 20

கை அரிக்கிறது. மின்நிலையத்தில் ஷிஃப்ட் முடிந்து குவார்ட்டர்ஸுக்கு வந்தால் என்ன செய்வதென்று தெரியவில்லை. இரண்டு நாள் டீவி பார்த்தேன். மூன்றாம் நாள் மிக்ஸியைப் பிரித்தேன். நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி.

இன்று ஒரு யோசனை வந்தது. கட்டிங் பிளேயரால் முள்ளின் முனையை ஒடித்துவிட்டேன். கொக்கி மாதிரி வளைவு மட்டும் இருக்கிறது, குத்தாது. அதை வைஸில் கவ்வ வைத்து ஒரு கறுப்பு எறும்பு கட்டினேன். பின்பக்கம் ஓர் உருண்டை, முன்பக்கம் ஓர் உருண்டை, நடுவில் இடுப்பு. எறும்புக்கு இடுப்புதான் முக்கியம். அதில் நூல் ஒரு சுற்று கூடினாலும் வண்டாகிவிடும்.

வசந்தி வந்து பார்த்தாள். விளக்கடியில் கொண்டுபோய்க் கட்டைவிரலால் வளைவின் நுனியைத் தடவிப் பார்த்தாள்.

"குத்தல. பாஸ்," என்றாள்.

நவம்பர் 3

போஜன் என் ஷிஃப்ட்டில் வேலை பார்ப்பவன், பக்கத்துப் படுகர் ஹட்டிக்காரன். அவனுடன் இன்று ஆற்றுக்குப் போனேன். கிளம்பும் முன் டப்பாவை வசந்தி முன் திறந்து வைத்தேன். ஒவ்வொரு பூச்சியையும் எடுத்து விரலால் தடவிவிட்டுத் திருப்பி வைத்தாள். செக்போஸ்டில்கூட இவ்வளவு சோதனை கிடையாது.

போஜன் என் முள்ளைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "லோகு, இது மீன் பிடிக்கறதா, மீனுக்குத் தீனி காட்டி ஏமாத்தறதா?"

உண்மையில் என்ன நடந்தது என்றால், எறும்பை வீசினேன், பாறை நிழலில் ஒரு டிரவுட் மீன் மேலே வந்து கவ்வியது. நூல் ஒரு கணம் கனத்தது. பிறகு துப்பிவிட்டது. கோபப்பட்ட மாதிரி வாலால் தண்ணீரை அடித்துவிட்டுப் போனது. இவ்வளவு வருடமாக மீன் கவ்வுவது வரைக்கும்தான் எனக்குப் பிடித்தது போலிருக்கிறது. அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் கசாப்பு. இது தெரிய எனக்கு நாற்பது வயது ஆக வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "துப்புச்சா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுச் சிரித்தாள்.

நவம்பர் 17

ஸ்கேனில் எல்லாம் சரி. திரும்பும் வழியில் கேரட் வாங்கினோம். மண்ணோடு.

டிசம்பர் 8

தாடி முகத்தை மூடிவிட்டது. எஞ்சினியர், "என்ன லோகநாதன், காதல் தோல்வியா?" என்றார். காதல் வெற்றி சார் என்றேன். என்னைப் போல அவருக்கும் ஊர் ஈரோடுதான், தாடி எதற்கென்று புரிந்துகொண்டார். வாழ்த்து சொன்னார். முதல் முறையாக ஒருவருக்கு ஆமாம் என்று தலையாட்டினேன், பயமாக இருந்தது.

பித்தளை மணி கோத்து ஒரு புழு கட்டினேன். மணியின் கனத்தில் ஆற்றின் அடியில் உருண்டு போகும். வயிற்றுக்குள் இருப்பதும் இப்போது இந்த மாதிரிதான் உருளுகிறது என்றாள் வசந்தி. என் கையை எடுத்து வைத்தாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரிகிறது என்று சொன்னேன்.

டிசம்பர் 26

சூரிய கிரகணம். எங்கள் மலைக்கு நேராக, வளையமாகத் தெரியுமாம். பேப்பர்காரர்களுக்குக் கொண்டாட்டம், எங்கள் வீட்டில் ஊரடங்கு. அத்தை ஒரு வாரமாகப் போனில் பாடம் நடத்தினார். நறுக்கக் கூடாது, தைக்கக் கூடாது, வெளிச்சம் மேலே படக் கூடாது, பார்க்கவே கூடாது. ஜன்னலுக்குக் கம்பளி கட்டிவிட்டு இருட்டில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். நான் ஏதேதோ பேசிச் சிரிக்க வைத்தேன்.

வெளியே குவார்ட்டர்ஸ் முழுக்க ஒரே கூச்சல். போஜன் வெல்டிங் கண்ணாடியோடு வந்து கதவைத் தட்டினான். "போயிட்டுத்தான் வாங்களேன், எனக்கும் சேத்துப் பாத்துட்டு வாங்க," என்றாள் அவளே. போய்ப் பார்த்தேன். கறுப்பு வட்டத்தைச் சுற்றி நெருப்பில் ஒரு மோதிரம். வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

திரும்பி வந்தபோது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். எப்படி இருந்தது என்று கேட்கவில்லை. தூக்கம் வருகிறது என்றாள். ஜன்னல் கம்பளியின் ஒரு மூலை அவிழ்ந்திருந்தது, இழுத்துக் கட்டினேன்.

ஜனவரி 16

பொங்கலுக்கு அத்தை வந்திருக்கிறார். மாசியில் வளைகாப்பு என்று நாள் பார்த்தாயிற்று. வசந்தி முன்போலச் சிரிப்பதில்லை. அசதி என்கிறாள். ஏழாம் மாதம், இருக்கும்தானே.

இன்று என் கைக்கே தெரிந்தது. நிஜமாக. ஓர் உதை. தூண்டில் நூலில் மீன் தட்டும் அதே தட்டு. அவளிடம் அப்படிச் சொல்லவில்லை, மீன் பேச்சு எதற்கு என்று.

ஜனவரி 29

விடிந்ததிலிருந்து அசைவு இல்லை என்கிறாள். கோவைக்குப் புறப்படுகிறோம்.

பிப்ரவரி 1

பெண் குழந்தை. உயிரில்லை. தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றியிருந்ததாம். யார் மேலும் தப்பில்லை, இப்படி நடப்பதுண்டு என்று டாக்டரம்மா என் தோளைத் தொட்டுச் சொன்னார்.

காரமடையில் புதைத்தோம். கோவையிலிருந்து அதுவரை காரில் என் மடியில்தான் வைத்திருந்தேன். வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். பிணம் தூக்கக் கூடாது என்று அத்தை சொல்லியிருந்தார். தூக்கினேன். கனமே இல்லை. முடி நிறைய இருந்தது.

தாடியை எடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 6

அம்மா வீட்டில் இருக்கமாட்டேன், துக்கம் கேட்க வருகிறவர்கள் முகத்தில் முழிக்க முடியாது என்றாள். குவார்ட்டர்ஸுக்கே கூட்டி வந்துவிட்டோம். அத்தையும் கூட. வசந்தி அழவில்லை. ஆஸ்பத்திரியிலும் அழவில்லை, காரிலும் அழவில்லை. நர்ஸ் ஒருத்தி, "அழுதிரும்மா, மனசுல வெச்சுக்காத," என்று கெஞ்சினாள். நேற்றிலிருந்து இரண்டு வாய் கஞ்சிதான் உள்ளே போயிருக்கிறது.

பிப்ரவரி 9

ரோஜாச் செடிக்கு வைத்திருந்த பூச்சிமருந்தைக் கொண்டுபோய்ப் போஜன் வீட்டில் கொடுத்தேன். எதற்கு என்று அவன் கேட்கவில்லை. குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றினேன், துருப்பிடித்திருந்தது. கொடிக் கயிறு இற்றுப்போயிருந்தது, அதையும் அவிழ்த்துச் சுருட்டிப் பரணில் போட்டேன். துணியை நாற்காலியில் காயவைத்துக்கொள்ளலாம். லீவை நீட்டித்திருக்கிறேன்.

அணைப் பக்கம் கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன் என்றாள் சாயங்காலம். நானும் கூடப் போனேன். அவள் நின்ற இடத்திலெல்லாம் நின்றேன்.

பிப்ரவரி 14

இன்று வாய் திறந்தாள். அத்தை பால் வாங்கப் போயிருந்தார்.

"நான் பாத்துட்டனுங்க."

"எத?"

"கெரகணத்த. நீங்க வெளிய போனதும் கம்பளிய வெலக்கிப் பாத்துட்டேன். எல்லாரும் அப்படிக் கத்துனாங்களே, ஒரு நிமிசந்தான, என்னாயிரும்னு நெனச்சேன். வட்டமாத் தெரிஞ்சுது. சுத்தியும் வளையமாட்டம்." தன் கழுத்தைச் சுற்றி விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினாள். "இப்படிச் சுத்திக்கிச்சு."

எனக்குக் கோபம்தான் வந்தது. அவள் மேல் இல்லை, யார் மேல் என்று தெரியவில்லை. கொடி சுற்றுவது எத்தனையோ குழந்தைக்கு நடக்கும், கிரகணத்தைக் கோடிப் பேர் பார்த்தார்கள், டாக்டரம்மா சொன்னதைக் கேட்டாயல்லவா என்று கத்தினேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், "நாந்தாங்க கொன்னேன். நாந்தான்," என்றாள். சமையலில் உப்புக் கூடிவிட்டது என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். "இந்த உசுர வெச்சுட்டு இன்னி என்னங்க பண்றது?"

அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள் என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

பிப்ரவரி 16

மறுபடியும் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். அவர் பொறுமையாகக் கால்மணி நேரம் பேசினார். வசந்தி சரிங்க சரிங்க என்று கேட்டுவிட்டுப் போனை என் கையில் கொடுத்தாள்.

"நல்லவங்க. ஆறுதலுக்குச் சொல்றாங்க," என்றாள்.

இன்று கஞ்சியும் இல்லை.

பிப்ரவரி 17

செய்துவிட்டேன்.

பகல் முழுக்க யோசித்துப் பார்த்தேன். தப்பே இல்லை என்று சொன்னால் அவள் நம்பமாட்டாள். யாரோ ஒருத்தர் செய்த தப்பு என்றால்தான் நம்புவாள். அந்த யாரோ அவளாக இருந்தால் அவள் எனக்கு மிஞ்சமாட்டாள். அவளுக்குப் பதிலாகக் கொடுக்க என்னிடம் இருப்பது நான் ஒருவன்தான்.

கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்தேன். "வசந்தி, நீயில்ல. நான்," என்றேன்.

சுவரையே பார்த்துப் படுத்திருந்தாள்.

"மார்கழியில ஒரு நா நீ தூங்கிட்டிருந்தப்ப ஆத்துக்குப் போனேன். ஒரு முள்ள உங்கிட்டக் காட்டல. மொனைய ஒடிக்காம வெச்சிருந்தேன். கை அரிச்சுச்சு. ஒண்ணு மாட்டுச்சு. விட்டிருக்கலாம். விடல. கல்லுல அடிச்சுட்டேன்."

அப்படி ஒரு மீன் கிடையாது. அப்படி ஒரு முள்ளும் கிடையாது. என்னிடம் இருந்த ஒவ்வொரு பூச்சியையும் அவள் தன் விரலால் தடவிப் பார்த்திருக்கிறாள். ஒன்றைக்கூட நான் மறைத்ததில்லை. மறைக்கத் தோன்றியதுகூட இல்லை.

இத்தனை நாளில் முதல் முறையாகத் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

"எப்போ? கெரகணத்துக்கு முன்னயா, பின்னயா?"

"முன்ன," என்றேன். யோசிக்காமல்தான் சொன்னேன். அது சரியான பதில் என்று அவள் முகத்தில் தெரிந்தது.

"முன்னயே," என்றாள். பிறகு எழுந்து சமையல்கட்டுக்குப் போனாள். தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது. தட்டு எடுக்கும் சத்தமும் கேட்டது.

பிப்ரவரி 18

இரண்டு இட்லி சாப்பிட்டாள். அப்புறம் என் மேசையிலிருந்த இறகு, நூல், முடி, கட்டிய பூச்சிகள் எல்லாவற்றையும் முறத்தில் அள்ளிக் கொல்லையில் கொட்டி மண்ணெண்ணெய் ஊற்றினாள். பக்கத்திலேயே நின்றேன், மண்ணெண்ணெய் டின்னுக்காக. இறகு எரிந்தால் அப்படி நாறும். பதினைந்து வருடத்துச் சேகரம். ஒரு தீக்குச்சிக்கு மேல் தேவைப்படவில்லை.

அத்தைக்கும் சொல்லிவிட்டாள். அத்தை என் முன்னால் வந்து நின்றார். "என்ர புள்ள வயித்துல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே மாப்ளே. காலைப் புடிச்சுச் சொன்னனே," என்றார். தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்தால்தான் நம்புவார்கள்.

பிப்ரவரி 20

என்னோடு பேசுவதில்லை. எனக்குச் சோறு அத்தைதான் போடுகிறார், தட்டை வைக்கும் சத்தத்திலேயே தெரிகிறது எவ்வளவு கோபம் என்று. வசந்தி மூன்று வேளையும் சாப்பிடுகிறாள். தலைக்குக் குளித்தாள். கொடிக் கயிறு எங்கே, துணி எங்கே காயப்போடுவது என்று அத்தையிடம் சத்தம் போட்டாள். பரணிலிருந்து எடுத்துக் கட்டிவிட்டேன்.

சத்தம் போடுவது நல்லது.

பிப்ரவரி 23

போஜன் பார்க்க வந்தான். வசந்தியே டீ கொண்டு வந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டு நேராகக் கேட்டாள்.

"அண்ணா, இவரு மார்கழியில மீன் புடிச்சது உங்களுக்குத் தெரியுமா?"

அவனுக்கு ஜாடை காட்டப் பார்த்தேன். போஜன் என்னைப் பார்க்காமல் அவளைத்தான் பார்த்தான். அவனுக்கு ஒளிக்கத் தெரியாது.

"லோகுவா? இவன் எங்கம்மா மீன் பிடிச்சான்? இவன் முள்ளுல முனையே இல்லையே. நான் எவ்வளவு கிண்டல் பண்ணியிருக்கேன்."

வசந்தி ஒரு மாதிரி சிரித்தாள். "உங்க சிநேகிதர விட்டுக் குடுப்பீங்களா என்ன? நீங்க நல்லவரு," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கேட் வரைக்கும் அவனோடு நடந்தேன். "எதுக்கு லோகு?" என்றான். "விடு," என்றேன். சைக்கிளை உருட்டிக்கொண்டே கொஞ்ச தூரம் போனான், திரும்பி நின்று பார்த்தான், பிறகு போய்விட்டான். எனக்கு அங்கேயே நின்று ஓவென்று அழ வேண்டும்போல் இருந்தது. என் வசந்தி என்னை அவளிடம் ஒரு முள்ளை மறைத்த பொய்யன் என்று நினைக்கிறாள். நான் கொலைகாரன் என்பதைவிட இதுதான் அதிகமாக வலிக்கிறது.

பிப்ரவரி 26

இன்றிலிருந்து வேலைக்குப் போகிறேன். குளியலறைக்குப் புதுத் தாழ்ப்பாள் வாங்கி வந்து போட்டேன்.

மார்ச் 1

சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து வந்தபோது வசந்தி சமையல்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அத்தை கொல்லையில். நான் தண்ணீர் எடுக்கப் போனேன். திரும்பாமலே கேட்டாள். நேராக என்னிடம் பேசி இரண்டு வாரம் ஆகப் போகிறது.

"அந்த மீனு பெருசா?"

அவள் பார்க்கவில்லை என்றாலும் முழங்கைவரை கையைக் காட்டினேன். "இவ்வளவு இருக்கும்," என்றேன்.

"கிழிச்சுச் சுத்தம் பண்ணுனீங்களா?"

"ம்."

"உள்ள சினை இருந்துச்சா?"

இதை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. இல்லை என்று சொல்லிவிடலாம். சொன்னால் அது வெறும் மீன், ஆற்றில் எத்தனையோ இருக்கிறது. ஆனால் கத்தி நின்றுவிட்டது. உரித்த வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவள் காத்திருந்தாள். இல்லை என்றால் வெறும் மீனுக்கா ஒரு குழந்தை போகும் என்று மறுபடியும் அந்த ஜன்னலுக்குப் போய்விடுவாள்.

"இருந்துச்சு," என்றேன். "வயிறு முழுக்க."

வெங்காயத்தைக் கீழே வைத்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தாள்.

"பாவங்க அது," என்றாள். "அதும் வயித்துல வெச்சுட்டுத்தான பசிக்குன்னு வந்திருக்கும்."

அப்புறம்தான் அழுதாள். அன்றிலிருந்து ஒரு சொட்டு அழாதவள், வாய்விட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பெண்களெல்லாம் ஓடி வருகிற மாதிரி அழுதாள். அத்தை ஓடி வந்து, "இன்னும் என்னத்தச் சொல்லித் தொலைச்சீங்க?" என்று என் மேல் கையை ஓங்கினார். வசந்தி அவர் சேலையைப் பிடித்து இழுத்து, "அம்மா, அதுக்குள்ளயும் கொழந்தைங்கம்மா, அதுக்குள்ளயும் கொழந்தைங்க," என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

நான் அவள் பக்கத்தில் உட்காரப் போனேன்.

"நீங்க தொடாதீங்க," என்றாள்.

தள்ளி, கதவோரம் உட்கார்ந்தேன். அவள் அழுது முடிக்கும்வரை அங்கேயே இருந்தேன்.